ஃபைலோடு வந்தவரிடம் சொல்லாத பெயர்

1

போன வியாழக்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தபோது நான் புளிக்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் குழம்பு தாளிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சன்னல் இரண்டையும் திறந்துவைத்து, சமையலறைக் கதவைச் சாத்தி, புகை அலாரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கடுகைப் போட வேண்டும். கடுகு பொரிகிற நேரத்தில் அடுப்பை விட்டுப் போக முடியாது. "மதி, யாருன்னு பாரு" என்று குரல் கொடுத்தேன்.

மதி என் மகள். பதினோரு வயது. ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. என்னிடம் தமிழில் ஆரம்பித்து, பாதியில் ஜெர்மனுக்குத் தாவி, கோபம் வந்தால் மட்டும் முழுத் தமிழில் முடிப்பாள். சாமைச் சோறு வேண்டாம், ரொட்டி போதும் என்கிற பிள்ளை. "எங்க ஊர்ல" என்று அவள் பேச்சை எடுத்தால் எந்த ஊரைச் சொல்கிறாள் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தது என்று இவளிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் புலம்பாத வாரம் கிடையாது.

கதவு திறந்தது. ஏதோ பேச்சுச் சத்தம். கதவு மூடியது. மதி சமையலறைக்கு வந்தாள்.

"யாருடி?"

"யாரோ ஒரு ஆளும்மா. கீழ் வூட்டு செனாயித் அக்கா இங்கதான் இருக்காங்களான்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு சொல்ட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியாதா? நேத்து அவ வூட்ல குந்திக்கினுதானடி சாப்ட்ட?"

மதி என்னை மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"கையில ஃபைல் வச்சிருந்தாரும்மா."

நான் அடுப்பை அணைத்தேன். அதன்பிறகு நான் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன். என் மகள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதற்குக் கல்வராயன் மலைக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் இந்த ஊர் அரசு அலுவலகத்து வரிசையில் என்னோடு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

2

நான் பிறந்தது வெள்ளிமலைக்கு அப்பால், அந்தக் காலத்தில் தார் ரோடு முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஊரில். நர்ஸ் படிப்பு படித்து, சங்கராபுரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தன் அப்பாவைச் சேர்க்க வந்த களமருதூர்க்காரரைக் கட்டிக்கொண்டேன். அவர் பெயர் முருகவேல். மலைக்குக் கீழே நெல் வைக்கிற குடும்பம். ஏழு வருடம் முன்பு இங்கே வேலை கிடைத்து வந்தபோது நான் மட்டும்தான் வந்தேன். மதிக்கு அப்போது நாலு வயது. மொழித் தேர்வு முடித்து, என் படிப்பை இவர்கள் ஒத்துக்கொண்ட பிறகுதான் குடும்பத்தை அழைக்க முடியும். "ஒரே வருசம், கண்ணு, கூப்ட்டுக்கிறேன்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அந்த இரண்டு வருடத்தில் எனக்கு இரண்டே இடங்கள்தான் தெரியும். ஒன்று நான் வேலை பார்த்த முதியோர் இல்லம். இன்னொன்று வெளிநாட்டவர் அலுவலகத்து வாசல்.

அலுவலகம் காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஆறு மணிக்கே வரிசை தெருமுனை வரை வந்துவிடும். சிரியாக்காரர்கள், எரித்திரியாக்காரர்கள், உக்ரைன்காரர்கள், நம்மவர்கள். எல்லார் கையிலும் நெகிழி உறைக்குள் காகிதங்கள். பனியில் மூக்கு உதிர்ந்து விழுந்துவிடும் போலிருக்கும். ஆனால் ஒருவர் முதுகை ஒருவர் இடிக்க மாட்டார்கள். நடுவில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவு இடைவெளி விட்டு நிற்பார்கள். இந்த இடைவெளியைப் பார்த்து, வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்து நான் இரண்டு முறை நடுவில் போய் நின்றிருக்கிறேன். ஒருவரும் திட்டவில்லை. தொண்டையை மட்டும் கனைத்தார்கள்.

சங்கராபுரத்தில் சாதிச் சான்றிதழுக்கு நின்ற அனுபவத்தை மலையிலிருந்து வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே நாங்கள் நின்றதே இல்லை. எங்கள் பைகள்தான் நின்றன. முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி, வரிசையில் பையை வைத்து, பின்னால் இருப்பவரிடம் "அண்ணா, தோ வந்துட்றேன், பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீ குடிக்கலாம், மரத்தடியில் உட்காரலாம். பை இல்லாதவர்கள் செருப்பை விடுவார்கள். எங்கள் அப்பா ஒருமுறை செங்கல்லை வைத்துவிட்டு வந்தார். செங்கல் ஒழுங்காக நகர்ந்துகொண்டே போய் ஜன்னல் அருகில் அவருக்காகக் காத்திருந்தது.

முதல் குளிர்காலத்தில் நான் இங்கேயும் அதையே செய்தேன். பின்னால் நின்ற பெரியவரிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஏதோ சொல்லி, பையைத் தரையில் வைத்துவிட்டு, கழிப்பறை தேடிப் போனேன். திரும்பி வந்தால் வரிசையே காணோம். இருபது அடி தள்ளி எல்லாரும் அரை வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் என் பை தன்னந்தனியாகக் கிடக்கிறது. காவலாளிகள் இரண்டு பேர் அதைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னையே திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். சான்றிதழ்கள், கையுறை, டிபன் பாக்ஸ். அதற்குள் நாலு இட்லி, தாளில் மடித்த சிவப்புப் பொடி. "இது என்ன பொடி?" என்றார் காவலாளி. அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. ஒரு விரலில் தொட்டு வாயில் போட்டுக் காட்டினேன். எனக்குப் புரை ஏறிவிட்டது. அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இனிமேல் பையைத் தனியாக விடக்கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதை விட எனக்கு மறக்காதது அதற்கு அடுத்து நடந்தது. அவ்வளவு பேரும் திரும்பி வந்து அவரவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். அந்தக் களேபரத்தில் ஒருவராவது ரெண்டு இடம் முன்னால் போயிருக்கலாம். யாரும் போகவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கும் பின்னால் நின்ற பெரியவருக்கும் நடுவில் என் இடம் காலியாக இருந்தது. நான் போய் நின்றதும் அந்தப் பெரியவர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

3

அந்த அலுவலகத்தில் ஆறாம் அறை அம்மாதான் எங்கள் ஃபைலைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கும். மேசையில் ஒரு கள்ளிச் செடி. முதல் நாளே அவரை நான் "நீ, வா, போ" என்று பேசிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. எனக்கு ஜெர்மன் வந்தது முதியோர் இல்லத்துப் பாட்டன்களிடமிருந்து. அவர்கள் என்னை ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். பேச்சு முழுக்க அப்படியே படிந்துவிட்டது. பஸ் நடத்துநரைக்கூட "இன்னாங்க" என்று கூப்பிட்டு வளர்ந்தவள், ஓர் அரசு அதிகாரியிடம் "நீ என் ஃபைலைப் பார்த்தாயா?" என்று கேட்டிருக்கிறேன். அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நீங்கள் ஒருவர்தான் என் தங்கை மாதிரிப் பேசுகிறீர்கள்" என்றார்.

அவர் ஒரு காகிதத்தை இரண்டு முறை கேட்டது கிடையாது. எது வேண்டும், எது போதாது, ஏன் போதாது என்று எழுதிக் கொடுப்பார். நான் வெளியே வந்து அகராதி வைத்துப் படித்தால் எல்லாம் விளங்கும். அந்தச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு நாள் அந்தச் சீட்டில் மதியின் பிறப்புச் சான்றிதழ் பற்றி எழுதியிருந்தது. சான்றிதழ் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உண்மைதானா என்று விசாரிக்க ஊருக்கே ஓர் ஆள் போவார், அவர் அறிக்கை வந்த பிறகுதான் விசா.

எனக்குக் கவலையே இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் மதி பிறந்த கதையைச் சொல்வார்களே.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்று மலையேறிப் போயிருந்தேன். பிரசவ வார்டில் வேலை பார்த்தவள், என் தேதியை மட்டும் சரியாகக் கணக்குப் போடவில்லை. ஐப்பசி மழை. ஒரு மத்தியானம் வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் ரோடு முனையில்தான் நிற்கும். போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, ஊர்க்காரர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண்கள் எட்டுப் பேர் முறை மாற்றித் தோள் கொடுத்தார்கள். கூடவே பெண்கள் மூன்று பேர். பாதி வழியில், ஓடையைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. மதி அந்தப் பாறையில் பிறந்தாள். ஆம்புலன்ஸில் வந்த செவிலி ஓடிவந்து கொடியை அறுத்தார். பதினோரு பேர் சாட்சி. இதை விடவா ஒரு பிறப்புக்கு ருசு வேண்டும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

4

நம்ம பக்கத்தை நானே மறந்துபோனதுதான் தப்பு.

விசாரிக்க ஆள் வரும் என்று முருகவேலுக்குச் சொல்லியிருந்தேன். பிள்ளை தன்னோடு இருப்பது களமருதூரில், அதனால் அங்கேதான் வருவார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். மலைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அந்த மே மாதம் மதியைப் பள்ளி விடுமுறைக்கு மலையில் கொண்டுபோய் விட்டிருந்தார்.

ஒரு நாள் அலமேலு அக்கா போனில் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு எழுதுகிறவர், ஊரில் காகிதம் தெரிந்த ஆள். மதி பிறந்தபோது என் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

"பொன்னி, ஒரு சேதி சொல்றேன், பயந்துக்காத. நேத்து ஒருத்தன் வந்தான். பேன்ட்டு சட்டை, கையில ஃபைலு. ஒன் பேரு, பாப்பா பேரு, ரெண்டையும் சொல்லி, இந்தப் புள்ள இந்த ஊர்லதான் பொறந்துச்சான்னு கேட்டான்."

"நீ இன்னாக்கா சொன்ன?"

"இன்னா சொல்லுவேன்? அப்படி யாரும் இல்லைங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். எதிர் வூட்ல கேட்டான், அவங்களும் இல்லைன்னுட்டாங்க. ஊரு மொத்தமும் ஒரே மாரி சொல்ட்சு. சாமைச் சோறு போட்டு, பலாப்பழம் ஒண்ணு கட்டிக் குடுத்து, ஜீப்பு வரைக்கும் கொண்டுபோய் வுட்டுட்டு வந்துட்டோம்."

"ஐயோ அக்கா!" என்றேன். அக்கா அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

"இதக் கேளு. பாப்பா எம் மடியிலதான் பலாச்சுளை தின்னுக்கினு இருந்துச்சு. அந்தாளு அதும் தலையத் தடவி, பேரு இன்னா கண்ணுன்னான். எனக்குத் திக்குனு ஆயிட்ச்சு. அது எம் மூஞ்சியப் பாத்துச்சு. அவன் ஃபைலப் பாத்துச்சு. செல்லாயின்னு சொல்ட்சு பாரு! கெட்டிக்காரி!"

செல்லாயி என்பது அலமேலு அக்காவின் ஆடு.

ஊரை நான் குறை சொல்ல முடியாது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, காட்டு நிலத்துக்குக் கணக்கெடுக்கிறோம் என்று சிலர் ஃபைலோடு வந்தார்கள். எல்லாரும் மரியாதையாகப் பெயர் சொன்னார்கள். அடுத்த வருடம், பெயர் சொன்னவர்கள் பேரிலெல்லாம் வழக்கு வந்தது. கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு அவர்கள் மலையிறங்கி அலைந்த அலைச்சலைப் பார்த்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து ஊரில் இது ஒரு பழக்கம். ஃபைலோடு வருகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம், சோறு போடலாம். ஆள் பெயர் மட்டும் சொல்லக்கூடாது. வெளிநாட்டில் தனியாக இருக்கிற பெண்ணின் பெயரை ஒருவன் கேட்டால் கேட்கவே வேண்டாம். ஊர் மொத்தமும் எனக்குக் கதவைச் சாத்திக் காவல் நின்றிருக்கிறது.

அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. நான் கத்தினேன். "அந்தாளு பாப்பாவ இங்க அனுப்பறதுக்குத்தான் வந்தாரு, அக்கா! எங் குடியக் கெடுத்துட்டீங்களே!" என்று போனில் கத்தினேன். இல்லத்துத் தாழ்வாரத்தில் கிழவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுமுனையில் தூரத்தில் ஆடு கத்தியது மட்டும் கேட்டது. அப்புறம் அக்கா சொன்னார்.

"சரி. இப்ப இன்னா செய்யணும், சொல்லு."

5

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. விசாரித்த இடத்தில் அப்படி ஒரு குழந்தை பிறந்ததாக யாருக்கும் தெரியவில்லை, ஊர் மக்கள் அன்பாக நடந்துகொண்டார்கள் என்று எழுதியிருந்தது. ஆறாம் அறை அம்மாவிடம் கொண்டுபோனேன். நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீங்கள் சொல்வதை நான் ஃபைலில் வைக்க முடியாது. அவர்கள் சொல்வதைக் கொண்டுவாருங்கள். கையெழுத்தோடு. சொந்தக்காரர்கள் வேண்டாம்" என்றார். ஒரு மாதம் தவணை எழுதிக் கொடுத்தார்.

அடுத்து நடந்ததை முருகவேல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தூளியோடு வந்த பதினோரு பேரையும் அலமேலு அக்கா ஒரே ஜீப்பில் அடைத்து மலையிறக்கினார். மரவள்ளி நடவு நேரம். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடுகள் அதில் நாலு உண்டு. ஒருவர்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சங்கராபுரத்தில் நோட்டரி வக்கீலிடம் போவதற்கு முன்னால் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்க வேண்டும். அவர் கடையில் கூட்டம். முருகவேல் வீடியோவில் காட்டினார். கடை வாசலில் பதினோரு பைகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. ஆட்கள் எல்லாரும் எதிரே வேப்ப மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனு எழுதுகிறவர் வேகமான ஆள். ஒன்றைத் தட்டச்சு செய்து, பெயரை மட்டும் மாற்றிப் பதினோரு பிரதி எடுத்துத் தருகிறேன் என்றார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அலமேலு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"போன தடவ நாங்க எல்லாரும் ஒரே மாரி சொன்னோம், சார். அது பொய்யி. இப்பவும் ஒரே மாரி எழுதினா எவன் நம்புவான்? அவங்க அவங்க பாத்தத அவங்க அவங்க சொல்லட்டும். நீங்க எழுதுங்க."

"இந்த மாரி எழுதினா இன்னிக்கு முடியாதும்மா."

"முடியாட்டி நாளைக்கும் வரோம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தாராம். நாலாவது ஆள் சொல்லும்போது அவரே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டாராம். சாயங்காலம் கடையைச் சாத்தும் நேரம் தாண்டியும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மதிப்பு உண்டு.

மொழிபெயர்ப்போடு அந்தப் பதினோரு காகிதமும் என் கைக்கு வந்தபோது, டிராமில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒருவர் சொல்லியிருந்தார்: "எனக்குத் தேதி தெரியாது. அன்றைக்கு என் மாடு கன்று போடுகிற நேரம். அதை விட்டுவிட்டுத்தான் தூளி தூக்கப் போனேன். திரும்பி வந்தபோது கன்று எழுந்து நின்றது. அந்தக் கன்று இப்போது தானே கன்று போட்டுவிட்டது." ஓர் அக்கா சொல்லியிருந்தார்: "குழந்தையை என் புடவையில்தான் ஏந்தினேன். கறை போகவில்லை. புடவையை வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டுவேன்." மூங்கிலின் முன்பக்கம் பிடித்த அண்ணன் தன் தோள் காய்ப்பைப் பற்றியே பாதிப் பக்கம் சொல்லியிருந்தார். அலமேலு அக்காவின் காகிதம் இப்படி ஆரம்பித்தது: "முதல் முறை கேட்டபோது நான் பொய் சொன்னேன். அந்தப் பெண் எங்களுக்கு வேண்டியவள், அதனால் சொன்னேன்."

ஆறாம் அறை அம்மா என் எதிரிலேயே எல்லாவற்றையும் படித்தார். தூளி என்றால் என்ன என்று கேட்டார். என் கழுத்துச் சால்வையை அவிழ்த்து, என் குடைக் கம்பில் கட்டித் தூக்கிக் காட்டினேன். மேலே படித்தார். ஒன்பதாவது காகிதத்தில் நிறுத்தினார். அது எங்கள் ஊர் ஆண்டியப்பன் அண்ணன் சொன்னது. "பிள்ளை பிறக்கும்போது நான் ஆம்பளை என்பதால் திரும்பி நின்றேன். அழுகைச் சத்தம் கேட்டேன். பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்."

அந்த அம்மா அதை இரண்டாம் முறை படித்தார்.

"இவரை நான் நம்புகிறேன்" என்றார். "இவரை நம்புவதால் மற்றவர்களையும் நம்புகிறேன்."

அன்றைக்கே அவர் மறு விசாரணைக்கு எழுதினார். எழுதிவிட்டு, நான் பார்க்கும்படி அந்தக் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு ஒன்றும் இல்லை.

அதே ஆள் மீண்டும் மலையேறினார். இந்த முறை ஜீப் நிற்கும் இடத்திலேயே ஊர் காத்திருந்தது. அலமேலு அக்கா அவரை விட்டுவிடவில்லை. "மொதல்ல ஒங்க பேரு இன்னா, அதச் சொல்லுங்க" என்று கேட்டு, அவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பாறைக்குக் கூட்டிப்போனார். அந்த ஆள் சிரித்துக்கொண்டேதான் அட்டையைக் காட்டினாராம். போகும்போது போன தடவைப் பலாப்பழம் நன்றாக இருந்தது என்றும் சொன்னாராம்.

விசா வந்தது. அப்பாவும் மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். மறுபக்கம் கடவுச்சீட்டு பார்க்கும் அதிகாரி, மதியைப் பார்த்துக் குனிந்து ஏதோ கேட்டார். முருகவேல் முகம் வெளுத்துப்போனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"பேரு கேட்டாரு பொன்னி. செல்லாயின்னுட்டா. வெக்கப்படறான்னு சொல்லிச் சமாளிச்சேன்."

மதி அவர் காலுக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். இரண்டு வருடம் போனில் மட்டும் பார்த்த முகம். என்னிடம் வர ஒரு மணி நேரம் பிடித்தது.

6

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

கீழ் வீட்டு செனாயித் எரித்திரியாக்காரி. மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை. அவள் மகன் வேறொரு நாட்டில் அத்தையிடம் இருக்கிறான். அவனை அழைக்க அவள் மனு போட்டிருக்கிறாள். அவள் சொன்ன முகவரியில்தான் இருக்கிறாளா, பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள் என்று போன மாதமே சொல்லியிருந்தாள். சாயங்கால வேளையில் அவள் வேலைக்குப் போயிருப்பாள். வந்தவர் அவள் வீட்டு மணியை அடித்துப் பார்த்துவிட்டு மேலே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். இங்கே என் மகள் கதவைத் திறந்து, அப்படி யாரும் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள்.

கையில் கரண்டியோடு, வீட்டுச் செருப்போடு மூன்று மாடி இறங்கி ஓடினேன். அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். இளம் வயதுதான். ஃபைல் கூடையில் இருந்தது.

"அந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாள். இரண்டாம் மாடி. எனக்குத் தெரியும்" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் கரண்டியைப் பார்த்தார். "எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

என்னவென்று சொல்வது? அலமேலு அக்கா மனு எழுதுகிறவரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. பார்த்ததைச் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கொட்டை வறுப்பாள். வாசனை எங்கள் வீட்டுக்குள் வரும். போன மாதம் மகனுக்கு என்று கட்டில் வாங்கினாள். லிப்ட் இல்லை. நாலு பேர் சேர்ந்து படியில் தூக்கினோம். முன்பக்கம் நான் பிடித்தேன். திருப்பத்தில் சுவர் உராய்ந்திருக்கிறது, வாருங்கள், காட்டுகிறேன்."

அவர் ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் படியில் சத்தம் கேட்டது. மதி வெறுங்காலோடு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நானும் தூக்கினேன்" என்றாள் அவரிடம். "கட்டிலோட திருகாணிப் பை என்கிட்டதான் இருந்தது."

"கொஞ்ச நேரம் முன்னால் தெரியாது என்று சொன்னாயே?"

அவர் கோபப்படவில்லை. பேனாவைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி, இதையும் எழுதிக்கொள்கிறேன். உன் பெயர் என்ன?"

மதி அந்த ஃபைலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"மதி" என்றாள்.